வெளிநாட்டில் "அந்தக் கட்சி" வென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் விசாப் படிவம் நிரப்புவதும் பத்திரம் மொழிபெயர்ப்பதும் என் தொழில். ஐரோப்பாவில் எங்காவது தேர்தல் நடந்தால் மறுநாள் கடைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். கையில் படிவம் இருக்காது, போனில் ஒரு வட்ஸ்அப் குரல்பதிவு இருக்கும். பூநகரி, முழங்காவில், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்த நாட்டுச் சட்டத்தரணி சொல்வதுதான் முடிவு.

தம்பி, "வெளிநாட்டுக்காரருக்கு எதிரான கட்சி" எண்டு ரேடியோவில சொல்லுறது எந்தக் கட்சியளை?

ஜேர்மனியில் ஏ.எஃப்.டி., பிரான்ஸில் மரின் லு பென்னின் தேசியப் பேரணி, பிரித்தானியாவில் நைஜல் ஃபராஜின் ரிஃபோர்ம், சுவிஸில் எஸ்.வி.பி. என்ற மக்கள் கட்சி, நோர்வேயில் முன்னேற்றக் கட்சி. இவர்கள் எல்லோரும் பேசுகிற பேச்சில் ஒரே அச்சு உண்டு: உண்மையான மக்கள் ஒரு பக்கம், அவர்களை ஏமாற்றுகிற பெரிய இடத்து ஆட்கள் மறுபக்கம், வெளிநாட்டவரை உள்ளே விட்டது அந்தப் பெரிய இடத்து ஆட்கள். இதைத்தான் பத்திரிகைகள் வெகுசனவாத அரசியல் என்கின்றன.

ஆனால் எல்லாம் ஒரே கட்சி இல்லை. ஏ.எஃப்.டி. 2013இல் யூரோ நாணயத்தை எதிர்த்துத்தான் தொடங்கியது. நோர்வேக் கட்சி 1973இல் வரி கூடிவிட்டது என்று தொடங்கியது. சுவிஸ்க் கட்சிக்கு விவசாயிகள்தான் அடி, அது பல காலமாக அரசாங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. எல்லோரையும் ஹிட்லர் என்று சொல்லி முடித்துவிட்டால் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதே விளங்காமல் போய்விடும்.

ஜேர்மனியில அவங்கள் ரெண்டாவதா வந்திட்டாங்களாம். மகன் டோர்ட்முண்டில. திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ?

2025 பெப்ரவரித் தேர்தலில் ஏ.எஃப்.டி. 20.8 வீதம் எடுத்து இரண்டாவதாக வந்தது உண்மை. 2021இல் எடுத்ததைப் போல இரண்டு மடங்கு. ஆனால் மற்றப் பெரிய கட்சிகள் அதோடு கூட்டுச் சேர்வதில்லை என்று நிற்பதால், பழமைவாதக் கட்சித் தலைவர் மெர்ஸ் தலைமையில் அமைந்த அரசாங்கத்தில் அது இல்லை.

உங்கள் மகன் இருக்கிற இடத்தையும் பாருங்கள். டோர்ட்முண்ட், எசன், ஹாம் எல்லாம் இருக்கிற மாநிலம் நோர்ட்றைன்-வெஸ்ட்பாலன். எங்கள் ஆட்கள் அடர்த்தியாக இருக்கிற இடம், ஹாம் காமாட்சி அம்மன் கோயிலும் அங்கேதான். அந்த மாநிலத்தில் ஏ.எஃப்.டி. எடுத்தது 17 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. கிழக்கே தூரிங்கனில் 38.6 வீதம், சக்ஸனியில் 37.3 வீதம். ஒரே நாடு, ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு.

திருப்பி அனுப்புவது பற்றி: குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவரை ஒரு தேர்தல் முடிவு மறுநாள் விமானத்தில் ஏற்றிவிடாது. அசூல் (புகலிட) கேஸ் முடியாமல் இருப்பவரின் நிலை வேறு. அதனால் நான் முதலில் கேட்பது "மகனிடம் என்ன அட்டை இருக்கிறது?" என்பதுதான். பாதிப்பேர் அதை மகனிடம் கேட்டதே இல்லை.

வெளிநாட்டுக்காரர் கூடின இடத்திலதானே எதிர்ப்பும் கூட இருக்கும்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்கு பெரும்பாலும் மறுபக்கமாகத்தான் வருகிறது. கிழக்கு ஜேர்மனியில் வெளிநாட்டவரின் பங்கு மேற்கை விட மிகக் குறைவு, எதிர்ப்பு வாக்கு இரண்டு மடங்கு. 2022 ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் பரிஸ் நகரம் மரின் லு பென்னுக்குக் கொடுத்தது 15 வீதம் கூட இல்லை. வடக்கே பா-து-கலே மாவட்டம் 57 வீதத்துக்கு மேல் கொடுத்தது. 2016இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று வாக்கெடுத்தபோது, உலகமெல்லாம் வந்து குவிந்திருக்கிற லண்டனில் 59.9 வீதம் பேர் விலக வேண்டாம் என்றார்கள்.

இதற்கு விலக்கும் உண்டு. ஜேர்மனியின் மேற்கிலேயே கெல்சன்கிர்ஷன் என்ற பழைய நிலக்கரி நகரத்தில் 2025இல், கட்சிக்கென்று போடுகிற இரண்டாவது வாக்கில், ஏ.எஃப்.டி. முதலிடம் வந்தது. அங்கே வெளிநாட்டவர் நிறையப் பேர். சுரங்கம் மூடி, ஆலை மூடி, வேலை இல்லாதவர்களும் நிறையப் பேர். மேற்கு சுத்தம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1993இல் சோலிங்கனில் துருக்கிக் குடும்பமொன்றின் வீட்டுக்குத் தீ வைத்து ஐந்து பெண்களையும் சிறுமிகளையும் கொன்றது அந்த நோர்ட்றைன்-வெஸ்ட்பாலனில்தான்.

அப்ப, வெளிநாட்டுக்காரனே இல்லாத ஊரில ஆரோட கோபம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாவற்றிலும் நல்ல கேள்வி இதுதான்.

கிழக்கு ஜேர்மனியை எடுங்கள். 1990இல் இரண்டு ஜேர்மனியும் ஒன்றானபோது, கிழக்கின் அரச ஆலைகளை விற்பதற்கு ட்ரொய்ஹான்ட் என்று ஒரு நிறுவனம் வைத்தார்கள். அதன் கைக்குள் ஏறத்தாழ 8,500 நிறுவனங்களும் நாற்பது இலட்சம் தொழிலாளரும் வந்தார்கள். நான்கைந்து வருடத்தில் பெரும்பகுதி விற்கப்பட்டது அல்லது மூடப்பட்டது. இளம் ஆட்கள் மேற்குக்குப் போனார்கள், அதிலும் படித்த பெண்கள் கூடுதலாக. மிஞ்சியது வயது போனவர்களும், மூடிய பாடசாலையும், நின்றுபோன பஸ்ஸும். 2015இல் அகதிகள் இலட்சக்கணக்கில் வந்தபோது "எங்களுக்கு இல்லாத காசு இவர்களுக்கு எங்கிருந்து வந்தது" என்ற கேள்வி அங்கே வெடித்தது. வந்த அகதியைத் தெருவில் கண்டிருக்கத் தேவையில்லை, ரீவியில் கண்டால் போதும். பிள்ளைகள் எல்லாம் வெளியே போய்விட்ட வன்னிக் கிராமத்தில் இருப்பவருக்கு, அந்தக் கசப்பின் பாதியாவது விளங்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் வேகம். இங்கிலாந்தின் கிழக்கில் பொஸ்ரன் என்று ஒரு சிறிய நகரம், சுற்றிவர மரக்கறித் தோட்டம். 2004இல் போலந்து, லித்துவேனியா எல்லாம் ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, அறுவடைக்கும் பொதி கட்டவும் அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். பத்து வருடத்துக்குள் வெளிநாட்டில் பிறந்தவர் எண்ணிக்கை பல மடங்காகியது. 2016இல் நாட்டிலேயே ஆகக் கூடுதலாக, 75.6 வீதம், விலகலுக்கு வாக்களித்தது அந்த நகரம்தான். லண்டனில் அதைவிட எத்தனையோ மடங்கு பேர் இருக்கிறார்கள். ஆனால் மூன்று தலைமுறையாக மெல்ல மெல்ல வந்தவர்கள்.

மூன்றாவது, ஆட்கள் பிரிந்து இருப்பது. படிக்கப் போன இளசுகள் பெரிய நகரத்தில் தங்கிவிடுகிறார்கள், மாற்றம் பிடிக்காதவர் நகரத்தை விட்டு விலகிப் போகிறார். கிளாக்ரன் என்ற கடற்கரை ஊரில் பெரும்பாலும் ஓய்வூதியக்காரர். ஃபராஜை 2024இல் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது அந்த ஊர்.

மகள் ஹரோவில. லண்டன் எண்டா பயமில்லை எண்டு சொல்லுறாங்கள், உண்மையோ?

அயலவர்கள் விஷயத்தில் பெருமளவு உண்மை. சட்டம் விஷயத்தில் இல்லை. சட்டம் லண்டனுக்கு வேறு, பொஸ்ரனுக்கு வேறு என்று எழுதப்படுவதில்லை.

பிரித்தானியத் தேர்தல் முறை எங்கள் விகிதாசார முறை மாதிரி இல்லை. தொகுதியில் மற்றவர்களை விட ஒரு வாக்கு அதிகமாக எடுத்தவருக்கே ஆசனம். 2024இல் ரிஃபோர்ம் 14.3 வீதம் எடுத்தும் கிடைத்தது ஐந்து ஆசனம். அதைவிடக் குறைந்த வாக்கு எடுத்த லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 72. இந்த முறை சின்னக் கட்சியை அமத்தி வைக்கும். அது வளர்ந்து ஒரு எல்லையைத் தாண்டினால் அதே முறை தூக்கியும் விடும். ரிஃபோர்ம் 2025 செப்டம்பரில், ஆட்சிக்கு வந்தால் நிரந்தர வதிவிட உரிமை என்ற முறையையே எடுத்துவிடுவோம் என்று அறிவித்தது. அது ஒரு கட்சியின் வாக்குறுதி, சட்டம் ஆகவில்லை. இருந்தாலும் குடியுரிமைக்குத் தகுதி வந்தும் காசு கூட என்று தள்ளிப்போடுகிற பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. இலங்கை பொதுநலவாய நாடு. அதனால் விசாவோடு சட்டப்படி அங்கே வசிக்கிற எங்கள் ஆட்கள் குடியுரிமை எடுக்காமலே பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இது பலருக்குத் தெரியாது, பதிந்தால்தான் வாக்கு.

பிரான்ஸில எப்பிடி? லா சப்பல் பக்கம் ஆபத்தோ?

லா சப்பல் பரிஸில் எங்கள் கடைகள் நிறைந்த பகுதி. பரிஸ் கணக்கை மேலே சொன்னேன். எங்கள் ஆட்கள் இருக்கிற புறநகர்ப் பக்கமும் லு பென்னுக்குப் பலவீனமான இடம்தான். அவரது கட்சி பலமாக இருப்பது வடக்கின் பழைய சுரங்க ஊர்களிலும், தென்கிழக்குக் கடலோரத்திலும். தெற்கின் கதை வேறு: 1962இல் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்தபோது அங்கிருந்து ஓடிவந்த பிரெஞ்சுக்காரர் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதி அது. அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது. ஒரே கட்சிக்கு வடக்கில் வேலை போன கோபமும் தெற்கில் பழைய யுத்தத்தின் கோபமும் சேர்ந்து வாக்குப் போடுகின்றன.

சுவிஸில ஊராக்கள் வாக்குப் போட்டுத்தான் பாஸ்போட் குடுக்கிறவையாம். பொய்தானே?

முழுப்பொய் இல்லை. லுட்சேர்ன் மாநிலத்தில் எம்மன் என்ற ஊர் 2000இல் குடியுரிமை விண்ணப்பங்களை ஊர் வாக்கெடுப்புக்கு விட்டது. இத்தாலியர்களை ஏற்றுக்கொண்டு மற்றவர்களை, குறிப்பாக முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களை, நிராகரித்தார்கள். 2003இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் அப்படி இரகசிய வாக்கெடுப்பில் குடியுரிமையைத் தீர்மானிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் இன்றுவரை குடியுரிமை ஊர், மாநிலம், மத்தி என்று மூன்று படி ஏற வேண்டும். பத்து வருட வதிவிடமும் சி அட்டையும் (நிரந்தர வதிவிட அட்டை) வேண்டும். ஊருக்கு ஊர் நடைமுறை மாறும்.

அந்த நாட்டில் இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க 2014 பெப்ரவரி வாக்கெடுப்பு போதும். குடிவரவுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கச் சொன்ன எஸ்.வி.பி.யின் யோசனை 50.3 வீதத்தில், மயிரிழையில், வென்றது. ஜெனீவாவும் பாசல் நகரமும் 60 வீதத்துக்கு மேல் வேண்டாம் என்றன. இத்தாலி எல்லையில் உள்ள டிச்சினோ 68 வீதம் வேண்டும் என்றது. அங்கே கோபம் அகதிகளில் இல்லை, தினமும் எல்லை தாண்டி வந்து குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டுப் போகிற இத்தாலியர்களில். வென்ற பிறகும் பாராளுமன்றம் அதை நன்றாகத் தண்ணியாக்கித்தான் சட்டமாக்கியது.

எண்பதுகளில் சுவிஸ் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தது எங்கள் ஆட்களைத்தான். பின்பு உணவகச் சமையலறைகள் எங்கள் பொடியன்கள் இல்லாமல் ஓடாது என்ற நிலை வந்தபோது அதே நாடு "நல்ல வெளிநாட்டவர்" என்றது. அடுத்த வசவு அடுத்து வந்தவருக்குப் போனது.

டென்மார்க்கில அந்தக் கட்சி தோத்துப்போச்சாம். அப்ப இனிச் சுகம்தானே?

டேனிஷ் மக்கள் கட்சி 2015இல் 21.1 வீதம், 2019இல் 8.7, 2022இல் 2.6. விழுந்தது உண்மை. ஆனால் ஏன் விழுந்தது? சமூக ஜனநாயகக் கட்சி அவர்களின் கடும் கொள்கையைத் தானே எடுத்துக்கொண்டது. பாதுகாப்புக் கொடுத்தாலும் தற்காலிகம்தான் என்பது அங்கே இப்போது பெரிய கட்சிகளின் பொதுக் கொள்கை. கட்சி தோற்றது, கொள்கை வென்றது. ஆகவே "யார் வென்றார்" என்பதோடு நிறுத்தாமல் "என்ன சட்டம் மாறியது" என்று கேட்க வேண்டும். ஜேர்மனியிலும் பாருங்கள்: ஏ.எஃப்.டி. அரசாங்கத்தில் இல்லை, ஆனால் 2025 ஜூலையில் துணைநிலைப் பாதுகாப்பு (முழு அகதி நிலைக்குக் கீழான பாதுகாப்பு) மட்டும் உள்ளவர்கள் குடும்பத்தைக் கூப்பிடுவது இரண்டு வருடத்துக்கு நிறுத்தப்பட்டது.

டென்மார்க் என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. 1987இல் அந்நாட்டு நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக முடக்கி வைத்தார். விசாரணை நடந்து, 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லுட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சர் குற்றவாளியாகக் காணப்பட்டார், ஒத்திவைத்த சிறைத்தண்டனை. அங்கே அதற்குப் பெயரே "தமிழர் வழக்கு". மனைவி பிள்ளைகளைக் கூப்பிடக் காத்திருந்த எங்கள் ஆட்களின் கோப்புகள் ஒரு அரசாங்கத்தையே வீழ்த்தின. இது எங்கள் பாடப்புத்தகம் எதிலும் இல்லாதது எனக்கு ஒரு மனக்குறை.

கனடாவில இந்தப் பிரச்சினை இல்லைத்தானே அண்ணை?

எதிர்ப்புக் கட்சி வளரவில்லை. மக்ஸிம் பெர்னியேயின் மக்கள் கட்சி 2021இல் 4.9 வீதம், 2025இல் ஒரு வீதம் கூட இல்லை, தேர்தலில் ஆசனம் ஒருபோதும் வென்றதில்லை. ஆனால் மனநிலை மாறியிருக்கிறது. 2024இல் என்விரோனிக்ஸ் என்ற நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 58 வீதம் பேர் குடிவரவு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்றார்கள். பெரிய காரணம் வீட்டு விலையும் வாடகையும். அரசாங்கமும் 2025க்கு 5 இலட்சம் என்றிருந்த நிரந்தர வதிவிட இலக்கை 3 இலட்சத்து 95 ஆயிரமாகக் குறைத்தது. கியூபெக் மாகாணம் தன் பொருளாதாரக் குடிவரவாளரைத் தானே தெரிவு செய்கிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழில் பேசிக்கொண்டே வாழ்ந்துவிடலாம் என்பதால் நாடு முழுக்க அப்படி என்று நினைக்கக் கூடாது.

அவுஸ்திரேலியாவில ஒரு வெள்ளைக்காரக் கிராமமே எங்கட குடும்பம் ஒண்டுக்காக நிண்டதாமே?

நின்றது. குயின்ஸ்லாந்தில் பிலோலா. மாட்டிறைச்சி ஆலையும் சுரங்கமும் உள்ள, பழமைவாதக் கட்சிக்கு வாக்களிக்கிற சிற்றூர். போலீன் ஹன்சனின் வன் நேஷன் கட்சி ஆகப் பலமாக இருக்கிற மாநிலமும் அதுதான். 2018 மார்ச்சில் ஒரு தமிழ்க் குடும்பத்தை விடியற்காலையில் எல்லைப் படையினர் தூக்கிக்கொண்டு போனார்கள். தகப்பன் அந்த இறைச்சி ஆலையில் வேலை செய்தவர். ஊர் விடவில்லை. நான்கு வருடம் மனுவும் வழக்கும் ஊர்வலமுமாக நின்றது. 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

அந்த ஊரவர்கள் படகில் வருவோர் பற்றிய கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று நான் நம்பவில்லை. "படகுக்காரர்" வேறு, "எங்கள் ஊர்க் குடும்பம்" வேறு என்று அவர்களுக்கு இருந்தது. மேலே ஆசிரியர் கேட்ட கேள்வியின் மறுபக்கம் இது. காணாத ஆளோடு கோபம் வருவது எவ்வளவு சுலபமோ, கண்ட ஆளைக் கைவிடுவது அவ்வளவு கடினம்.

எங்கட ஆக்களே அந்தக் கட்சியளுக்குப் போடுறாங்களாம். விசரோ?

விசர் இல்லை, கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். கணக்குப் பிழைப்பதும் உண்டு. 2016இல் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகுவதை ஆதரித்த தெற்காசியர் பலர் சொன்னது, "போலந்துக்காரன் விசா இல்லாமல் வருகிறான், என் மச்சானுக்கு விசா கிடைக்கவில்லை" என்பது. ஒரு விதத்தில் நடந்தது: விலகிய பிறகு ஐரோப்பியர் வரவு குறைந்து மற்ற நாட்டவர் வரவு கூடியது. பராமரிப்பு வேலை விசாவில் இங்கிருந்தும் போனார்கள். பிறகு அந்தக் கூட்டத்தைக் காட்டியே ரிஃபோர்ம் வளர்ந்தது. 2024 மார்ச்சில் பராமரிப்பு விசாக்காரர் குடும்பத்தைக் கூட்டிவருவது நின்றது, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றது. முந்தி வந்தவர் பிந்தி வருபவருக்குக் கதவைச் சாத்துவது எங்கள் ஆட்களிடம் மட்டும் உள்ள குணமும் இல்லை.

வெள்ளைக்காரனைச் சொல்லுறம். மலையகத்து ஆக்களை நாங்கள் எப்பிடி வைச்சிருந்தனாங்கள்?

பாரதிபுரத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி கேட்டது. 1977 கலவரத்துக்குப் பிறகும் அதற்கு முன்பும் தோட்டங்களை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியிருந்தன. அவர்களுக்குக் கொடுத்தது கூலி வேலை. வயலுக்குக் காணிப் பத்திரமும் வாய்க்கால் தண்ணீரும் கிடைக்கவில்லை. அவர்களைக் கூப்பிட்ட பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். கலியாணப் பேச்சில் இன்றும் அந்தக் கோடு இருக்கிறது.

இதில் வேடிக்கை, கிளிநொச்சியே வந்தவர்கள் கட்டிய ஊர். இரணைமடுக் குளம் கட்டி, உருத்திரபுரம், வட்டக்கச்சி என்று குடியேற்றம் செய்தபோது வந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்தார். ஒரு தலைமுறை முந்தி வந்தவர் "உள்ளூர்", ஒரு தலைமுறை பிந்தி வந்தவர் "வந்தான் வரத்தான்". சக்ஸனிக்காரர் பேசுவதும் இதே பாஷைதான்.

அப்ப நாயாற்றில தெற்கு மீனவர் வரக்கூடாதெண்டு சொல்லுறதும் இனவாதமோ?

நாயாறு முல்லைத்தீவுக் கரையில், தெற்கிலிருந்து சிங்கள மீனவர் பருவத்துக்கு வருகிற இடம். மிகச் சிக்கலான கேள்வி, கேட்டவர் கோபத்தோடுதான் கேட்டார். என் பதில்: ஒன்று போல் தோன்றும், ஒன்றில்லை. ஹாமில் கோப்பை கழுவப் போன எங்கள் பொடியனுக்குப் பின்னால் எந்த இராணுவமும் போகவில்லை. அவன் அந்த ஊர்க் காணியையும் எல்லையையும் மாற்றவில்லை. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 இறுதியில் படையினரால் துரத்தப்பட்டார்கள், பின்னால் குடியேற்றம் அரசாங்கத் திட்டமாக வந்தது. 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் (கரையோரக் குடிசைகள்) படகுகளும் எரிந்தன. மேலே சொன்ன மலையகக் குடும்பங்கள் குடியிருந்த கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து அவர்களை 1984இல் வெளியேற்றிவிட்டுச் சிறைக் கைதிகளைக் குடியமர்த்தினார்கள். அதே வருடக் கடைசியில் அங்கே குடியமர்த்தப்பட்ட சிங்களவர்கள் புலிகளால் கொல்லப்பட்டதும் நடந்ததுதான்.

ஆகவே வந்தவருக்குப் பின்னால் அதிகாரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் பருவத்துக்கு வாடி போட வருகிற மீனவனும் கடன்பட்ட ஏழைதான். அவனைத் திட்டும்போது "பெருகி எங்களை விழுங்கிவிடுவார்கள்" என்று நாங்கள் சொல்கிற வசனத்தைக் கவனியுங்கள். ஏ.எஃப்.டி. மேடையில் எங்களைப் பற்றிச் சொல்வதும் அதே வசனம்.

சரி, உதெல்லாம் இருக்கட்டும். இப்ப பிள்ளையை எந்த நாட்டுக்கு அனுப்பலாம்?

அதை நான் சொல்ல மாட்டேன். சொல்லுகிற ஏஜென்டுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் அவர்களுக்குத்தான் கொண்டாட்டம்: "அந்தக் கட்சி வந்தால் கதவு பூட்டிவிடும், இந்த மாதமே காசைக் கட்டுங்கள்" என்பார்கள். பராமரிப்பு விசா நின்ற பிறகும் அதற்குக் காசு கேட்டவர்கள் உண்டு.

காணியை ஈடு வைப்பதற்கு முன், விசா வகையின் சரியான பெயரை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த வகை இன்னும் திறந்திருக்கிறதா, குடும்பத்தைக் கூப்பிடலாமா, எத்தனை வருடத்தில் நிரந்தரம் என்பதை அந்த நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் பக்கத்திலேயே பார்க்கலாம். பத்து நிமிட வேலை. பார்த்துச் சொல்வதற்கு நான் காசு எடுப்பதில்லை.